டெலியாவா, கிரேன்ஜரா

வெஸ்ட் மில்பர்ன், மெய்ன்
27 நவம்பர் 1995

அன்புள்ள ரேஜி,

போனில் உன்னிடம் பேசுவதற்குப் பதில் மலை லிஃப்ட் கம்பத்திடம் பேசலாம். பத்து நிமிடம் கொடுக்கிறார்கள். அதில் ஒன்பது நிமிடம் "ம்ம்" என்கிறாய். உனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர் இருமுவதுதான் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. அதனால் எழுதுகிறேன். காலைச் சுற்று முடிந்து பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் நிறுத்தியாயிற்று. உள்ளே சூடு ஆறுவதற்குள் முடிக்க வேண்டும்.

பிப்ரவரி பதினாறு, வெள்ளிக்கிழமை உன்னை விடுகிறார்கள். அடுத்த வாரம் முழுக்கப் பள்ளி விடுமுறை. மூன்று நாள், நீயும் நானும், ஏதாவது ஒரு சின்னப் பனிச்சறுக்கு மலைக்குப் போவோம். பெரிய மலை வேண்டாம். இருபது மாதம் சிறையில் இருந்தவன் வெளியே வந்தும் எதற்கு வரிசையில் நிற்க வேண்டும்?

மூன்று மலைகளின் விளம்பரத் தாள்கள் வைத்திருக்கிறேன். பேர்ஸ் நாட்ச், பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில். நல்ல உயரம், இரண்டு நாற்காலி லிஃப்ட். கிரேன்ஜர், ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துவது. ஒரே சரிவு, ஓடுகிற கயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும். அப்புறம் டெலியா. டி-பார் லிஃப்ட்தான், இடுப்புக்குப் பின்னால் கம்பியை வைத்து மேலே இழுத்துப்போவது, ஆனால் கம்பிகளையெல்லாம் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். முன்னைப்போல இடுப்பில் இடிக்காது. வடக்குச் சரிவில் மரங்களைக் கழித்து அகலப்படுத்தியிருக்கிறார்கள். எனக்கு டெலியா பிடித்திருக்கிறது. முடிவு உன்னுடையது.

உன் அக்கா
சொலாஞ்ச்


4 டிசம்பர் 1995

அக்கா,

தாள்கள் வந்தன. மடிப்புக் கிழிகிற அளவுக்குப் பார்த்துவிட்டேன். வரைபடத்தில் ஒவ்வொரு சரிவிலும் விரலால் இறங்குகிறேன். உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. கதவிலிருந்து சுவருக்கு ஏழு தப்படி, திரும்ப ஏழு. என் அறையில் இருக்கும் வூடி, அறுபது வயதுக்காரர், கட்டிலில் படுத்தபடியே கத்துகிறார்: "ஏம்ப்பா, மூணு நாள் போற எடத்த முடிவு பண்ண இப்படி நடக்குறியே, வெளில போய் ஒரு கால்சட்டை வாங்கணும்னா என்ன பண்ணுவே?"

பேர்ஸ் நாட்ச் போவோம். அங்கே என்னை யாருக்கும் தெரியாது.

கிரேன்ஜர் வேண்டாம். அது ஸ்கீ பழகுகிற குழந்தைகளின் மேடு. டெலியா வேண்டவே வேண்டாம். ஹாக்கெட் மலையிலிருந்து இருபது மைல். ஹாக்கெட்டில் என்னோடும் எமெரியோடும் லிஃப்ட் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இப்போது டெலியாவில்தான் இருப்பார்கள். டிக்கெட் கொடுக்கிறவள் என் பெயரைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு நான் இன்னும் தயாரில்லை.

என் பனிச்சறுக்குப் பலகையை விற்றுவிட்டாயா?

ரேஜி


12 டிசம்பர் 1995

ரேஜி,

பலகை மாடியில் இருக்கிறது. மெழுகு தேய்த்து, ஓரங்களைத் தீட்டிவைத்தாயிற்று.

பேர்ஸ் நாட்ச் நடக்காது. நீ வெளியே வந்ததும் போய்க் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரியிடம் கேட்டேன். "மாநில எல்லையைத் தாண்டக் கூடாதும்மா. மலையானாலும் சரி, மளிகைக் கடையானாலும் சரி" என்றார். நல்ல மனிதர்தான். சொல்லும்போது அவர் முகத்திலும் வருத்தம் தெரிந்தது.

கிரேன்ஜருக்கும் போன் செய்தேன். லிஃப்ட் ஓட்டுகிற பெரியவரே எடுத்தார். "ஸ்னோபோர்டா? அதெல்லாம் இங்க விடுறதில்லம்மா. பனியை வழிச்சு எடுத்துட்டுப் போயிடுது. ஸ்கீ இருந்தா வாங்க. இல்லேன்னா சூப் குடிக்க வாங்க."

ஆக, டெலியாதான் மிச்சம். பயப்படாதே. வார நாளில் ஆளே இருக்காது. போன சனிக்கிழமை வடக்குச் சரிவில் பனி இறுகிக் கிடந்தது, பலகையின் குதிகால் ஓரத்தில் நிற்கவே முடியவில்லை. ஆனால் பிப்ரவரிக்குள் நன்றாகப் படிந்துவிடும். என் வால் எலும்புதான் இன்னும் ஆறவில்லை. பேருந்தில் தலையணை வைத்து உட்கார்ந்து ஓட்டுகிறேன், பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

சொலாஞ்ச்


19 டிசம்பர் 1995

அக்கா,

குதிகால் ஓரமா?

கற்றுக்கொள் என்று எத்தனை வருடம் கெஞ்சியிருப்பேன் உன்னிடம். கடிதப் பெட்டி வரைக்கும்கூடக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாய். இப்போது ஸ்னோபோர்டில் விழுந்து வால் எலும்பை உடைத்துக்கொள்கிறாய். அதுவும் டெலியாவில். பலகையின் ஓரத்தை நீ தீட்டியிருக்க முடியாது. உனக்குச் சமையல் கத்தியே தீட்டத் தெரியாது.

யார் கற்றுத்தருகிறார்கள்?

இன்னொன்று. இங்கே வந்ததிலிருந்து எமெரிக்கு நான்கு கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. உன்னிடம் அவனைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அம்மாவின் கல்லறைக்குப் பூ வைத்ததையும் குழாய் உறைந்ததையும் எழுதுகிறாய். அவன் எங்கே இருக்கிறான்? காலை எடுத்த பிறகு நடக்கிறானா?

இப்போது நாளுக்கு நானூறு தடவை நடக்கிறேன். வூடி அறை மாற்றிக் கேட்டிருக்கிறார்.

ரேஜி


3 ஜனவரி 1996

ரேஜி,

கிறிஸ்துமஸுக்குப் பன்றிக்கறிப் பை செய்தேன். மேலோடு கருகிவிட்டது. இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே அடுப்பை மறந்துவிட்டேன்.

எமெரி டெலியாவில் லிஃப்ட் பழுது பார்க்கிறான். நடக்கிறான். இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால், அதை வைத்துக்கொண்டு ஸ்னோபோர்டும் ஓட்டுகிறான். எனக்குக் கற்றுத்தருவது அவன்தான். பலகையின் ஓரத்தைத் தீட்டியதும் அவன்தான். உன் பலகை என்று தெரிந்தேதான் தீட்டினான்.

செப்டம்பரிலிருந்து நம் வீட்டில்தான் இருக்கிறான். என்னோடு.

முதலில் மருத்துவமனைக்குப் போனது உனக்காக. யாராவது ஒருத்தர் நம் வீட்டிலிருந்து போய் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று போனேன். பிறகு போனதெல்லாம் எனக்காக. எனக்கு முப்பத்தொன்று, அவனுக்கு உன் வயது, இருபத்தாறு. ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். எழுதிச் சிரமப்படாதே.

உன் கடிதங்கள் நான்கும் அலமாரியில் இருக்கின்றன. பிரிக்கவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டேன். "கோர்ட்ல அவன் சொன்னதை நான் கேட்டுட்டேன். உதவி தேடித்தான் ஓடினேன்னு சொன்னான். அதையே திருப்பி எழுதியிருந்தா நான் எதுக்குப் படிக்கணும்?" என்றான்.

இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு போனிலும் சொல்ல வாயெடுத்தேன். நீ "ம்ம்" என்றாய்.

டெலியாவுக்கு உன்னைக் கூட்டிப்போக நினைத்தது எதற்கென்று இப்போது புரிந்திருக்கும்.

சொலாஞ்ச்


9 ஜனவரி 1996

எந்த மலையும் வேண்டாம். பதினாறாம் தேதி என்னை அழைத்துப்போக வராதே.

ரே.


17 ஜனவரி 1996

டேய்,

இரண்டு வரி எழுத உனக்குத் தபால்தலை ஒரு கேடா?

நான் சந்தோஷமாக இருப்பது உனக்குப் பிடிக்கவில்லையா, இல்லை அவன் முகத்தைப் பார்க்கப் பயமா? ஒன்றைச் சொல். முதலாவது என்றால் நீ என் தம்பியே இல்லை. இரண்டாவது என்றால் அது எனக்கும் இருந்தது. மருத்துவமனை நான்காவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்து திறந்து மூட, வெளியே வராமல் மூன்று தடவை கீழே போய்விட்டேன்.

இதற்கு நடுவே கிரேன்ஜர் பெரியவர் தானாகவே போன் செய்தார். ஊர்க்காரர்கள் கூடிப் பேசினார்களாம். புதன்கிழமை மட்டும் பலகைக்காரர்களை விட்டுப் பார்ப்பதாக முடிவாம். "பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க எல்லாம் கையெழுத்து வாங்கிக் கொண்டாந்து நீட்டிட்டாங்க. நான் என்னம்மா பண்றது? உங்க தம்பிய வரச் சொல்லுங்க" என்றார். குரலில் தோற்றுப்போன எரிச்சல்.

ஆகவே மறுபடியும் உனக்கு இரண்டு மலை இருக்கிறது. டெலியா என்ற பேச்சை இனி நான் எடுக்க மாட்டேன். அவனும் எடுக்கவில்லை. நீ வருகிறாய் என்று சொன்னபோது செயற்கைக் காலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "அவன் இஷ்டம்" என்றான். அவ்வளவுதான்.

ஆனால் வாசலுக்கு நான் வருவேன். அதைத் தடுக்க உன்னால் முடியாது.

சொலாஞ்ச்


30 ஜனவரி 1996

அக்கா,

இது ஏழாவது தாள். ஆறைக் கிழித்துவிட்டேன். இங்கே எங்கள் கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். படிக்கட்டும்.

அன்று ஹாக்கெட்டில் லிஃப்ட் நான்கு மணிக்கு நின்றது. நாங்கள் இரண்டு பேரும் மூன்று மணியிலிருந்தே குடித்துக்கொண்டிருந்தோம். பனியைச் சமன் செய்கிற வண்டியில் சாவி இருந்தது. நான்தான் ஏறினேன். பின்னால் கயிறு கட்டி, எமெரி பலகையில் நின்றபடி அதைப் பிடித்துக்கொண்டு வந்தான். கத்திக்கொண்டே வந்தான், அவ்வளவு சந்தோஷம். மேல் வளைவில் பனிக்கட்டி. வண்டி பின்னால் வழுக்கியது. சங்கிலிச் சக்கரம் அவன் காலில் ஏறி நின்றது. இது வரைக்கும் கோர்ட்டில் சொன்னது உண்மை.

அவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். நான் வண்டியை முன்னால் எடுத்து, இறங்கி, பார்த்தேன். பிறகு ஓடினேன்.

உதவி தேடி ஓடவில்லை, அக்கா. லிஃப்ட்காரர்களின் மர அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஈரக் கையுறையைக் கழற்றி அடுப்பின் மேல் போட்டேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கே எமெரியின் பிளாஸ்கில் காபி இருந்தது, அதை ஊற்றிக் குடித்தேன். யாராவது வந்து இது என் வேலை இல்லை என்று சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. நாற்பது நிமிடம். டிக்கெட் அறையைப் பூட்ட வந்த பெண்தான் அவன் சத்தத்தைக் கேட்டாள்.

போன் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தேடியதாக நீதிபதியிடம் சொன்னேன். போன் அந்த அறைச் சுவரில் இருந்தது. என் தலைக்கு நேர் மேலே. எழுந்து நின்றிருந்தால் தலையில் இடித்திருக்கும்.

சீக்கிரம் பார்த்திருந்தால் கால் பிழைத்திருக்குமா என்று மருத்துவர்களுக்கே தெரியவில்லை என்றார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் இருபது மாதம் ஓட்டினேன். இப்போது பிடி நழுவிவிட்டது.

உன் சந்தோஷம் எனக்குப் பிடிக்காமல் இல்லை. அவன் நம் வீட்டில், நம் மேஜையில், என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்தால் மறுபடி கதவுக்கும் சுவருக்கும் நடக்க ஆரம்பித்துவிடுகிறேன். வேறொன்றும் இல்லை.

அவனிடம் படித்துக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

ரேஜி


7 பிப்ரவரி 1996

ரேஜி,

படித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து. இரண்டு இடத்தில் நிறுத்தினேன். அவன் "மேல படி" என்றான்.

முடித்ததும் எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவினான். எல்லாவற்றையும் துடைத்து அடுக்கினான். பிறகு முதுகைக் காட்டியபடியே சொன்னான்: "போன் அங்கதான் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அதை அந்தச் சுவத்துல மாட்டினதே நான்தான்."

ஆக, கோர்ட்டில் நீ சொன்னபோதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் அங்கே எழுந்து சொல்லவில்லை என்று கேட்டேன். "அவனே சொல்லணும்னு இருந்துச்சு" என்றான்.

எனக்கு உன் மேல் கோபம். அந்த நாற்பது நிமிடத்தை நினைத்து இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டே பேருந்து ஓட்டினேன். அதோடு நீ எழுதிவிட்டாய் என்ற நிம்மதியும் இருக்கிறது.

அவன் சொன்னது இவ்வளவுதான்: "டெலியாவுக்கு வந்தா வரட்டும். வியாழக்கிழமை நான் கீழ லிஃப்ட்ல இருப்பேன். பேசுவேன்னு சொல்லல."

பதினாறாம் தேதி காலை ஒன்பதுக்கு வாசலில் காருடன் இருப்பேன். இடப்பக்கம் திரும்பினால் டெலியா, வலப்பக்கம் கிரேன்ஜர். எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்.

சொலாஞ்ச்


கிரேன்ஜர்
21 பிப்ரவரி 1996, புதன்

அக்கா,

மன்னித்துவிடு. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே கதவைத் திறந்துவிட்டார்கள். வேன் ஒன்று பேருந்து நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஒன்பது மணி வரை அந்த வாசலில் நிற்க என்னால் முடியவில்லை. நீ வருவாய் என்று தெரிந்தேதான் ஏறினேன்.

திங்கட்கிழமை அதிகாரியைப் பார்க்கப் போனபோது என் பலகையை எடுத்து நீட்டினார். "உங்க அக்கா வெச்சிட்டுப் போனாங்க. ஒண்ணும் சொல்லல. கதவை மட்டும் கொஞ்சம் பலமாச் சாத்தினாங்க."

இங்கே இரும்புக் கடைக்கு மேலே ஓர் அறை. அதிகாரியிடம் விலாசம் கொடுத்துவிட்டேன். கடையில் மூட்டை இறக்க ஆள் வேண்டுமாம், சேர்ந்துவிட்டேன்.

இன்று புதன் என்பதால் மலைக்குப் போனேன். முதல் தடவை கயிறு என்னை முகம் குப்புற இழுத்துப் போட்டது. பெரியவர் லிஃப்டை நிறுத்திவிட்டுக் கத்தினார்: "அதுக்குத்தான் பலகை வேணாம்னு சொன்னேன்! எந்திரி, எந்திரி, பின்னாடி சின்னப் புள்ளைங்க நிக்குது!" நான்காவது தடவை மேலே போய்ச் சேர்ந்தேன். இறங்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடம் என் தலைக்குள் யாரும் பேசவில்லை. கீழே வந்து நின்றதும் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

இருபது தடவை ஏறி இறங்கினேன். மேலே நின்றால் மேற்கே டெலியா தெரிகிறது. பார்க்கக் கூடாது என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். நாளை வியாழன். கடைக்காரர் விடுப்புக் கொடுத்துவிட்டார். இது உன் கைக்கு வருவதற்குள் அங்கே போயிருப்பேன்.

ரேஜி


கிரேன்ஜர்
23 பிப்ரவரி 1996

அக்கா,

எமெரி உன்னிடம் எவ்வளவு சொன்னான் என்று தெரியவில்லை. நடந்ததை நானே எழுதுகிறேன்.

டிக்கெட் கொடுத்த பெண் என் பெயரையே கேட்கவில்லை. அவன் கீழே, டி-பார் பக்கத்தில், மண்வாரியுடன் நின்றான். என்னைப் பார்த்தான். வரிசையில் என் முறை வந்தது. "முன் கால் பட்டை தளர்ந்திருக்கு" என்றான். குனிந்து இறுக்கினேன். கம்பியை இழுத்து என் இடுப்புக்குப் பின்னால் வைத்தான். மேலே போனேன். இரண்டு பேர் போகிற கம்பியில் பக்கத்து இடம் காலியாக ஆடிக்கொண்டே வந்தது.

பதினோரு தடவை அப்படிப் போனேன். மூன்றாவது தடவை அவன் கை என் முதுகில் பட்டது. இரண்டு பேரும் கவனிக்காத மாதிரி இருந்தோம். ஏழாவது தடவை ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். "பின்னால ஆள் நிக்கிறாங்க" என்றான்.

நான்கு மணிக்கு லிஃப்டை நிறுத்தினான். நான் போகாமல் நின்றேன். கையுறையைத் தட்டிக்கொண்டே வந்தான்.

"சொலாஞ்ச் படிச்சா. முழுசாக் கேட்டேன்" என்றான்.

"தெரியும்."

"பழைய நாலையும் அடுப்புல போட்டுட்டேன். பிரிக்கல. எனக்கு இந்த ஒண்ணு போதும்."

அவன் மலையைத் திரும்பிப் பார்த்தான்.

"காலைல எந்திரிச்சா அந்த நாளை நெனைக்காம நான் வர்ற எடம் இது ஒண்ணுதான், ரேஜி. இன்னிக்கு நெனைச்சேன். பதினோரு தடவையும். உன் மேல கோபத்துல சொல்லல. இந்த மலை எனக்கு வேணும். நீ வேற மலை பாத்துக்க."

"எவ்வளவு நாளைக்கு?"

"தெரியல. போதும்னு தோணினா நானே வந்து சொல்றேன். தோணாமலும் போகலாம்."

"வீடு?"

"வீடு அவளோடது. அவளக் கேளு. ஆனா இப்ப வேணாம்."

சரி என்றேன். கை நீட்டவில்லை, அவனும் நீட்டவில்லை. பேருந்தில் உட்கார்ந்ததும் பாதி வழி கோபம். பிறகு ஒன்று தோன்றியது. இரண்டு வருடமாக எத்தனையோ பேர் என்னை அங்கே போகாதே, இங்கே நிற்காதே என்று சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொல்ல முழு உரிமை உள்ளவன் அவன் ஒருவன்தான். அதன் பிறகு ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன். ஓட்டுநர் எழுப்பித்தான் இறங்கினேன்.

நான் இங்கேயே இருக்கிறேன், அக்கா. உன்னை இரண்டு பக்கமும் இழுக்க மாட்டேன்.

ரேஜி


வெஸ்ட் மில்பர்ன்
29 பிப்ரவரி 1996

ரேஜி,

ஒன்பதிலிருந்து பதினொன்று வரை அந்த வாசலில் நின்றேன், இஞ்சினை அணைக்காமல். காவலாளி மூன்று தடவை வந்து "அவரு போயிட்டாரும்மா" என்றார். மூன்று தடவையும் அவரிடம்தான் சண்டை போட்டேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

எமெரி வீட்டுக்கு வந்து, "வந்தான். சொல்லிட்டேன். சரின்னான்" என்றான். எனக்கு அவன் மேலும் கோபம். இரண்டு நாள் பேசவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழ வேண்டும், நான் பக்கத்தில் சூப்புடன் நிற்க வேண்டும் என்று நவம்பர் மாதக் குளிரிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தவள் நான். எனக்காகத்தான் அதை விரும்பியிருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. அவனுக்கு அந்த மலை வேண்டும். எடுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் இழுக்க மாட்டேன் என்று நீ எப்படி எழுதலாம்? யாரும் இழுக்க வேண்டாம். எனக்குக் கார் இருக்கிறது. சனிக்கிழமை டெலியா. புதன்கிழமை கிரேன்ஜர். எமெரியிடம் சொல்லிவிட்டேன். சரி என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க கயித்துக்குத் தோல் கையுறை வேணும்" என்று அவனுடையதை எடுத்து என் பலகைமேல் வைத்தான்.

அடுத்த புதன், மார்ச் ஆறு, காலைச் சுற்று முடிந்ததும் கிளம்புகிறேன். ஒன்றரைக்கு நான் திரும்பியாக வேண்டும், பிள்ளைகள் பேருந்துக்கு நிற்பார்கள். ஒன்பதே முக்காலுக்கு அங்கே இருப்பேன். பனி கொட்டினால் பத்தரை ஆகும். நான் வேகமாக ஓட்ட மாட்டேன்.

இந்தத் தடவை நீ நின்று காத்திரு.

சொலாஞ்ச்